பதினான்கு ஸ்டிக்கரும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும்

ஏ.எல். முடிவுகள் வந்த அன்று எங்கட வட்ஸ்அப் குறூப்பில் பதினான்கு ஸ்டிக்கர் விழுந்தது. மலை உச்சியில் கை விரித்து நிற்கிற ஒருவர், உதிக்கிற சூரியன், கண்ணாடி போட்ட மஞ்சள் பூனை, 'தோல்விதான் வெற்றியின் முதல் படி' என்று பளபளக்கிற எழுத்து. அனுப்பினவர்கள் நாங்கள். வாங்கினவன் எங்கட நண்பன். அவனுக்கு அது மூன்றாவது தரம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் கணக்கில் எடுப்பார்கள், அதற்குப் பிறகு அந்தக் கதவு இல்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் 'பொசிட்டிவ்வா இரு மச்சான்' என்று எழுதினோம்.

அவன் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினான். அதற்குப் பிறகு ஏழு மாதம் குறூப்பில் அவனுடைய ஒரு சொல்லும் இல்லை. நாங்களும், உண்மையைச் சொன்னால், பெரிதாகத் தேடவில்லை. 'அவனுக்குக் கொஞ்சம் ரைம் குடுப்பம்' என்று எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம். பிறகொரு நாள் சந்தையடியில் தற்செயலாகக் கண்டபோதுதான் அவன் சொன்னான்: "நீங்கள் எல்லாரும் சிரிச்ச முகத்தோட நிக்கேக்க நான் எப்பிடியடா அழுறது? அழுதா உங்கட மூட் கெட்டுடும் எண்டு நினைச்சன்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தில் இருந்து தொடங்குகிறது. நேர்மறையாகச் சிந்திப்பது நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நாங்கள் வரவில்லை. நாளாந்தம் மனதை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நாங்கள் செய்துவந்த விதம் பிழை என்று நினைக்கிறோம். அந்தப் பிழை ஒருவனை ஏழு மாதம் தனியாக இருத்தி வைத்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். எங்களில் நாலு பேர் ஒருமுறை ஊக்கப்பேச்சுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தோம். பெரிய மண்டபம், ஏசி, நுழைவுச்சீட்டுக்குக் காசு. பேச்சாளர் எல்லாரையும் எழும்பச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, 'நான் வெல்வேன், நான் வெல்வேன்' என்று மூன்று தரம் கத்தச் சொன்னார். கத்தினோம். நல்லாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்வரைக்கும் நல்லாக இருந்தது. வீட்டுக்கு வந்து மேசையில் கிடந்த பாஸ்ட் பேப்பரைப் பார்த்ததும் எங்களில் ஒருத்திக்கு முன்பைவிடக் கூடுதலாகப் பயம் பிடித்துவிட்டது. "எல்லாரும் கத்தேக்க நம்பினவங்கள், எனக்கு மட்டும்தான் நம்பிக்கை வரேல்லை போல" என்றாள்.

அவளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை அது. கனடாவில் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோன் வூட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2009 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தன்னைத்தானே உயர்த்திச் சொல்லுகிற வாசகம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, ஏற்கெனவே தன்மதிப்புக் கூடினவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கோ மனநிலை இன்னும் கீழே போனது. 'நான் வெல்வேன்' என்று வாய் சொல்ல, உள்ளுக்குள் ஒரு குரல் 'எங்கடா வெல்லுறது' என்று கேட்கும் அல்லவா, அந்தக் குரல்தான் கடைசியில் பெரிதாகக் கேட்கிறது. மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே ஒத்துக்கொள்ளவில்லை. மண்டபத்தில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள், நுழைவுச்சீட்டு விற்காது.

இன்னொரு ஆய்வு எங்களை இதைவிடக் கூடுதலாக யோசிக்க வைத்தது. ஜேர்மனியைச் சேர்ந்த கப்ரியேல ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் எதிர்காலத்தைப் பற்றி நினைப்பதில் இரண்டு விதம் இருக்கு என்கிறார். ஒன்று எதிர்பார்ப்பு. 'இதுவரைக்கும் செய்ததை வைத்துப் பார்த்தால் இது எனக்குச் சரிவரும்' என்ற கணக்கு. மற்றது கனவு. வேலை கிடைத்து, கார் வாங்கி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிற படத்தை மனதுக்குள் ஓட்டுவது. பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடின இளைஞர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, எதிர்பார்ப்புக் கூடியவர்கள் முன்னுக்குப் போயிருந்தார்கள். இனிப்பான கனவு கூடக் கண்டவர்கள் விண்ணப்பங்களும் குறைவாகவே அனுப்பியிருந்தார்கள், வேலை வாய்ப்புகளும் குறைவாகவே வந்திருந்தன, சம்பளமும் குறைவு. கனவிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் காலுக்கு நடக்கிற அவசரம் இல்லாமல் போகிறது போல.

எங்கட நண்பனும் அப்படித்தான் ஒரு வெள்ளைக் கோட் படத்தைப் போனின் முகப்பில் வைத்திருந்தான். ரியூற்றரியில் யாரோ 'விஷுவலைஸ் பண்ணுங்கோ' என்று சொல்லிக் கொடுத்தது. அவன் படிக்கவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நல்லாப் படித்தவன்தான். படித்தும் கிடைக்காமல் போவதற்கு இந்த நாட்டில் வேறு கணக்குகள் இருக்கு என்பதைத்தான் அந்தப் படம் அவனுக்குச் சொல்லவில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் 'மனசு வைச்சா முடியும்' என்கிற ஆக்கள் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்ட அடிப்படையில். 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. இசட் புள்ளி என்பது நீங்கள் எடுத்த மார்க்ஸ் இல்லை, அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதின எல்லாரோடும் ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. ஆகவே ஒரே இசட் புள்ளியோடு ஒரு மாவட்டத்துப் பிள்ளை மருத்துவபீடம் போகும், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை வீட்டில் இருக்கும். இந்த முறைக்கு நியாயமான காரணங்கள் இருக்கு, லைப்ரரியும் லேப்பும் இல்லாத பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளையை நினைத்தால் நாங்களே அதை ஆதரிப்போம். ஆனால் தகுதி பெறுகிறவர்களில் கூடக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. மிச்ச மூன்று பேரும் மனசு வைக்கவில்லை என்றா சொல்லப்போகிறோம்? நாலு கதிரை இருக்கிற இடத்தில் பதினாறு பேருக்குப் பொசிட்டிவ் மனநிலை வந்தாலும் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

எங்கட குழுவில் மலையகத்துத் தோழி ஒருத்தி இருக்கிறாள். இந்தக் கட்டுரைக்காகக் கதைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "எங்க வீட்டுல பொசிட்டிவ் எல்லாம் மாசத்துல மொத வாரந்தாங்க. கடைசி வாரம் அதுக்குக் காசு பத்தாது." எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அப்படியென்றால் நிலைமை சரியில்லாத இடத்தில் மனதைச் சரியாக வைத்திருக்கவே ஏலாதா? ஏலும் என்றுதான் நினைக்கிறோம். 2022 எங்களுக்கு அதைக் காட்டித்தந்தது, அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கோ. மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அரசாங்கமே அறிவித்தது. பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, காஸ் வரிசை. இதில் சனத்தை ஆகலும் உடைத்தது எது? எங்களைக் கேட்டால், தட்டுப்பாட்டைவிடத் தெரியாமைதான். பவுசர் வருமா வராதா, இரண்டு நாள் வரிசையில் கிடந்தபின் 'முடிஞ்சுது' என்று பலகை வைப்பார்களா. வரிசையில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்த வருடத்தில் இரண்டு விஷயம் நடந்தது. மின்வெட்டுக்கு எழுத்து எழுத்தாகப் பிரித்த நேர அட்டவணை வந்தது. 'எங்கட ஏரியா எந்த எழுத்து' என்று சின்னப் பிள்ளைகளுக்கும் பாடம். எப்போது போகும் என்று தெரிந்ததும் அம்மாமார் அரைக்கிறதையும் இடிக்கிறதையும் அதற்கு முன் முடித்தார்கள், நாங்கள் போனைச் சார்ஜில் போட்டோம். ஜூலையில் கியூ ஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. நாலு லீற்றர் என்பது ஒன்றுக்கும் காணாது. ஆனால் அந்த நாலு லீற்றர் நிச்சயம் என்று வந்ததும் சனம் கணக்குப் போடத் தொடங்கியது. திங்கள் ரியூஷனுக்குச் சைக்கிள், புதன் மோட்டார் சைக்கிள், இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டி. கஷ்டம் குறையவில்லை. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஆனாலும் வீட்டுக்குள் சண்டை குறைந்தது. எங்கட வீடுகளிலாவது குறைந்தது.

இதற்கு உளவியலில் ஒரு கதை இருக்கு. 1967 இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். இன்றைக்கென்றால் செய்ய விடமாட்டார்கள். ஒரு கூட்டம் நாய்களால் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிற்பாட்ட முடியும். மற்றக் கூட்டத்தால் என்ன செய்தாலும் நிற்பாட்ட ஏலாது. பிறகு இரண்டையும் ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்தில் விட்டபோது, இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை தாண்டவே முயலவில்லை, அப்படியே படுத்துவிட்டன. 'ஒன்றும் செய்ய ஏலாது' என்பதை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். சுவாரசியம் என்னவென்றால், ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016 இல், அதே இரண்டு பேரும் மூளையாய்வுகளை வைத்துக்கொண்டு 'நாங்கள் தலைகீழாக விளங்கிக்கொண்டு இருந்திட்டம்' என்று எழுதினார்கள். நீண்டநேரத் துன்பம் வந்தால் சோர்ந்து படுப்பதுதான் உடம்பின் இயல்பு. அதைக் கற்கத் தேவையில்லை. கற்கவேண்டியது 'இதில் என்னால் கொஞ்சமாவது செய்ய ஏலும்' என்பதைத்தான்.

எங்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. சோர்ந்து படுத்திருக்கிறவனிடம் குறை ஒன்றும் இல்லை என்றாகிறது. அவனுக்கு எங்கட ஸ்டிக்கர் தேவைப்படவில்லை. நாலு லீற்றர் தேவைப்பட்டது. சின்னதாக, நிச்சயமாக, கைக்கு எட்டுகிற ஒன்று.

வீட்டில் பெரியவர்களோடு இதைக் கதைத்தால் வேறு விதமாக வரும். 1995 ஒக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வில் மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் கடந்த கதையை அம்மம்மாமாரிடம் கேட்டிருப்பீர்கள். அவர்களிடம் 'அப்ப எப்பிடி மனசைத் திடமா வைச்சிருந்தனீங்கள்' என்று கேட்டால் கேள்வியே விளங்காது. 'நாளைக்கு எங்க சமைக்கிறது எண்டு யோசிச்சனாங்கள், மனசைப் பற்றி ஆர் யோசிச்சது' என்பார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்து துளி மண்ணெண்ணெயில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள். அவர்களிடம் ஒரு சொல் இருக்கு: 'பாப்பம்.' நாளைக்கு வேலை கிடைக்குமா என்றாலும் பாப்பம், வீடு திரும்புவோமா என்றாலும் பாப்பம். எல்லாம் நல்லாக முடியும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. எல்லாம் முடிஞ்சுது என்ற தீர்ப்பும் இல்லை. எங்களுக்கு இந்தச் சொல்லில் கொஞ்சம் காதல்.

ஆனால் இங்கே ஒரு இடத்தில் நின்றுகொள்ள வேண்டும். 'எங்கட சனம் எதையும் தாங்கும்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிற பழக்கமும் ஸ்டிக்கர் அனுப்புகிற பழக்கத்தின் அண்ணன்தான். எல்லாரும் தாங்கவில்லை. போர் எங்கட மனங்களுக்குச் செய்ததை யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் 1998 இலேயே புத்தகமாக எழுதினார். அந்தக் காயங்கள் இன்னும் எங்கட வீடுகளில் நடமாடுகின்றன. சத்தம் கேட்டால் திடுக்கிடுகிற மாமா, நித்திரை கொள்ளாத பெரியம்மா. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கினார்கள். விடை தெரியாமலே வருடக்கணக்காக இருந்தார்கள், விடை தெரியாமலே அவர்களில் பலர் செத்தும் போனார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் 'நல்லதையே நினையுங்கோ அம்மா' என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் வந்து இருப்பதைவிட ஒரு நம்பிக்கையை நாங்கள் எங்கேயும் கண்டதில்லை. அந்த நம்பிக்கைக்குள் கோபமும் கண்ணீரும் சரிபாதி இருந்தது.

செத்த வீடுகளில் எங்கட சனத்துக்கு இது நல்லாத் தெரியும். அங்கே போய் யாரும் 'கவலைப்படாதேங்கோ, இதிலயும் ஒரு நன்மை இருக்கு' என்று சொல்லுவதில்லை. அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அயலில் இருந்து பிளாஸ்க்கில் தேத்தண்ணி வரும், சாப்பாடு வரும். வந்தவர் பக்கத்தில் பாயில் இருப்பார். அழவிடுவார். சாவுக்கு இதைச் செய்யத் தெரிந்த நாங்கள் ரிசல்ட்டுக்கும் வேலை போனதுக்கும் காதல் முறிந்ததுக்கும் ஏன் மஞ்சள் பூனையை அனுப்புகிறோம்?

சரி, நாங்கள் இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, வெட்கமாகத்தான் இருக்கு சொல்ல.

ஓட்டிங்கன் சொன்ன முறையைத்தான் கொஞ்சம் எங்கட பாட்டுக்கு மாற்றிப் பழகுகிறோம். ஆசையை எழுதுவது, அது நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைப்பது, உடனே அதற்குத் தடையாக எங்களுக்குள்ளேயே கிடக்கிறதை எழுதுவது, பிறகு 'அந்தத் தடை வந்தால் இதைச் செய்வன்' என்று ஒரு வரி. முக்கியமான இடம் மூன்றாவது. எங்களில் ஒருவன் அரச வேலைப் பரீட்சைக்கு இரண்டு வருடமாகப் 'பொசிட்டிவ்வாக' இருந்தவன். தடையை எழுதச் சொன்னதும் பேனையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுதினான்: 'இங்கிலீஷ் பேப்பரைத் தொடவே பயம்.' அவனுடைய ஒரு வரி: 'புத்தகத்தை மூடவேணும் போல வந்தால், மூடுறதுக்கு முதல் ஒரு பந்தி வாசிப்பன்.' அவ்வளவுதான். இப்போது வாசிக்கிறான். பாஸ் பண்ணுவானா என்று எங்களுக்குத் தெரியாது.

நன்றி எழுதுகிற கொப்பியும் முயன்றோம். றொபேர்ட் எம்மன்ஸ், மைக்கல் மக்கலோ என்ற இருவரின் 2003 ஆய்வில், கிழமைக்கு ஒருதரம் நன்றிக்குரிய விஷயங்களைப் பத்துக் கிழமை எழுதினவர்கள், தொல்லைகளை எழுதினவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லாக உணர்ந்தார்கள். நாங்கள் ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு நாளும் எழுதினோம். மூன்றாம் கிழமை 'இன்றைக்கும் சோறு, நன்றி' என்ற அளவுக்கு வந்துவிட்டது. இப்போது சனிக்கிழமை மட்டும். ஒரு ஆளின் பெயரையாவது எழுதவேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். பெயரை எழுதினால் கையைச் சும்மா வைத்திருக்க ஏலாது, அவருக்கு ஒரு கோல் எடுக்கத் தோன்றும்.

எங்கட குழுவிலேயே ஒரு அக்கா இந்தக் கட்டுரையோடு முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வார்ட்டில் இரவு வேலை செய்கிறவா. "நீங்கள் எல்லாத்தையும் ஆராய்ச்சியாக்கிறியள். எனக்கு விடிய ஒரு பாட்டும், கண்ணாடிக்கு முன்னால ஒரு சிரிப்பும் இல்லாட்டி வேலைக்குப் போக ஏலாது" என்றா. அதுவும் சரிதான். தனக்குத் தானே சிரித்துக்கொள்வதை நாங்கள் பிழை சொல்லவில்லை. மற்றவனைச் சிரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைத்தான் சொல்லுகிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

இன்னொன்று. கொப்பியும் நண்பர்களும் காணாத நேரங்கள் வரும். கிழமைக்கணக்காக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றுகிறது என்றால் அது மனநிலையை மாற்றி யோசிக்கிற விஷயம் இல்லை, வைத்தியரிடம் போகிற விஷயம். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் ஆக்களோடு கதைக்கலாம். தமிழிலும் கதைக்கலாம். காய்ச்சலுக்கு ஓ.பி.டி. போவதற்கு நாங்கள் வெட்கப்படுவதில்லையே.

எங்கட நண்பன் இப்போது என்.வி.கியூ. பாடநெறி ஒன்று படிக்கிறான். அந்த வழியால் ஏழாம் நிலை வரைக்கும் போனால் அது பட்டத்துக்குச் சமம். இந்த விபரத்தை அவனுக்கு ரிசல்ட் வந்த அன்றே யாராவது வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மருத்துவபீடப் பெடியளின் பஸ் போனால் இன்னும் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்ளுவன் என்று அவனே சொன்னான். திரும்பட்டும். நாங்கள் ஒன்றும் சொல்லுவதில்லை.

இந்த வருட முடிவுகளும் வரத்தான் போகுது. எங்கட தம்பி தங்கச்சிமார் ஆறு பேர் எழுதியிருக்கினம். ஸ்டிக்கர் அனுப்புவதில்லை என்று குறூப்பில் முடிவெடுத்திருக்கிறோம். யார் யாருடைய வீட்டுக்குப் போவது என்றும் பிரித்தாயிற்று, கோப்பாய்ப் பக்கம் அவனே போகிறேன் என்றான். பிளாஸ்க் இரண்டுதான் இருக்கு. மூன்றாவதை யாரிடம் வாங்குவது என்பதில்தான் நேற்று இரவுவரை இழுபறி.